கருமணலின் பசுமைக் கணக்கு

கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரையை ஏன் தோண்ட வேண்டும் என்று கேட்டால் இன்று பதில் தயாராக இருக்கிறது. பூமி சூடாகிறது. நிலக்கரியையும் பெட்ரோலையும் விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறியாக வேண்டும். காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வலுவான காந்தம் வேண்டும். காந்தத்துக்கு நியோடிமியம் வேண்டும். நியோடிமியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. மோனசைட் குமரிக் கடற்கரைக் கருமணலில் இருக்கிறது. ஆகவே கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று நீளும் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேர் நிலத்தை ஐ.ஆர்.இ.எல் என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் பசுமை எரிசக்தியின் எதிரிகள்.

கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவிர மற்றவை எல்லாம் உண்மை. அதனால்தான் இந்த வாதம் வலுவாகத் தெரிகிறது. பசுமைப் பூச்சு பெரும்பாலும் பொய்யைக் கொண்டு பூசப்படுவதில்லை. பொய் என்றால் என்றாவது ஒருநாள் பிடித்துவிடலாம். உண்மைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்ற அளவை மட்டும் சொல்லாமல் விடுவதுதான் அதன் வழி. நியோடிமியம் இருக்கிறது, சரி, எத்தனை கிலோ? காந்தம் வேண்டும், சரி, எந்தக் காற்றாலைக்கு? மணலை எடுத்தால் என்னவெல்லாம் சேர்ந்து போகும், அது யார் கணக்கில் எழுதப்படும்? இந்த அத்தியாயம் அந்த அளவுகளைப் பற்றியது.

முதலில் மணல். குமரிக் கடற்கரையின் கருப்பு நிறம் கடலில் பிறந்ததல்ல, மலையில் பிறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் சார்னோகைட் போன்ற மிகப் பழைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நொறுங்கின. குழித்துறை தாமிரபரணியும் வள்ளியாறும் பழையாறும் அந்தத் துகள்களைக் கடலுக்குக் கொண்டுவந்தன. அவற்றில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது நாம் வெள்ளை மணல் என்று சொல்வது. அது தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனமானது. கருமணலில் இருக்கும் கார்னெட் ஏறக்குறைய 4 மடங்கு, சிர்கானும் இல்மனைட்டும் 4.6, 4.7 மடங்கு, மோனசைட் ஏறக்குறைய 5 மடங்கு.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கிளப்பும்போது அலை கரையேறி மணலைக் கலக்குகிறது. திரும்பிப் போகும் நீருக்கு வேகம் குறைவு. இலேசான குவார்ட்ஸை அது இழுத்துக்கொண்டு போகும். கனமான துகள்களை இழுக்க அதற்குத் தெம்பில்லை. அவை கரையிலேயே படிந்துவிடும். ஆண்டுக்காண்டு இப்படிக் கடல் தானே பிரித்து ஒதுக்கி வைத்ததுதான் கருமணல். இதே கடற்கரையில் ஐ.ஆர்.இ.எல் நடத்தும் மணவாளக்குறிச்சி ஆலைக்கான கச்சாப்பொருள் நீண்டகாலமாகச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களின் மீனவர்கள் வாரிக் கொடுத்த இந்த மணல்தான். ஆடிக்கடல் ஒதுக்கியதை வாரியெடுப்பது ஒருவகை வேலை. ஹெக்டேர் கணக்கில் நிலத்தைத் தோண்டுவது முற்றிலும் வேறு வகை வேலை. இரண்டையும் ‘மணல் எடுப்பது’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடும்போதே கணக்கு மங்கத் தொடங்குகிறது.

இந்த மணலுக்கும் எரிசக்தி வணிகத்துக்கும் உறவு புதிதல்ல. 1885இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக், எரிவாயு விளக்கின் சுடரைச் சுற்றி அணிவிக்கும் வலைக்குக் காப்புரிமை பெற்றார். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்து செய்தபோது அந்த வலை கண்கூசும் வெள்ளொளி தந்தது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் தூக்கிவந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் அதுவேதான். எடிசனின் மின்விளக்கு வந்த பிறகும் ஐரோப்பிய எரிவாயு நிறுவனங்கள் பல்லாண்டு தாக்குப்பிடித்தது இந்த வலையால். தோரியத்துக்கு மோனசைட் தேவைப்பட்டது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. சுதந்திர இந்தியாவில் 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம், அதாவது இன்றைய ஐ.ஆர்.இ.எல், 1965இல் இந்த ஆலையை எடுத்துக்கொண்டது. தோரியம் அணு எரிபொருளாக மாறக்கூடியது என்பதால் இந்த மணல் அணுசக்தித் துறையின் கைக்குள் இருக்கிறது. ஒருகாலத்தில் விளக்கு, பிறகு அணு, இன்று காந்தம். நூறாண்டுக்கும் மேலாக ஒரே மணலுக்குப் புதுப்புதுக் காரணங்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன.

இனி எடை போடலாம். மணவாளக்குறிச்சி ஆலையின் ஆண்டுத் திறன் பொதுவெளியில் இருக்கும் தகவல்: இல்மனைட் 90,000 டன், சிர்கான் 10,000 டன், கார்னெட் 10,000 டன், ரூட்டைல் 3,500 டன், மோனசைட் 3,000 டன். மொத்தம் 1,16,500 டன். மோனசைட்டின் பங்கு 2.6 சதவீதம்.

அந்த மோனசைட் முழுவதும் காந்தமாகிவிடாது. அதில் நியோடிமியம் உள்ளிட்ட அருமண் தனிமங்களின் ஆக்சைடுகள் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அருமண்களிலும் பாதி சீரியம், கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக லாந்தனம். இவை கண்ணாடி மெருகேற்றவும் வினையூக்கிகளுக்கும் போகின்றன. காந்தத்துக்கு உதவும் நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து ஏறக்குறைய 24 சதவீதம். கணக்கைப் போட்டால் 3,000 டன் மோனசைட்டிலிருந்து, எதுவும் வீணாகாமல் எடுத்தால்கூட, ஆண்டுக்குச் சுமார் 420 டன் காந்த அருமண் ஆக்சைடு கிடைக்கும். அதாவது ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு 1,000 கிலோ கனிமத்திலும் பசுமை எரிசக்திக்கான பொருள் 3.6 கிலோ.

மீதி எங்கே போகிறது? இல்மனைட்டும் ரூட்டைலும் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியாகின்றன. வீட்டுச் சுவரின் பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக், பற்பசை எல்லாவற்றுக்கும் வெண்மை தருவது அதுதான். சிர்கான் தரை ஓட்டின் மெருகுக்கும் வார்ப்படத் தொழிலுக்கும் போகிறது. கார்னெட் உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் நீர்த்தாரையால் அறுக்கவும் உதவுகிறது. இவை கெட்ட பொருட்கள் அல்ல. நாட்டுக்குத் தேவையான பொருட்கள். ஆனால் பெயின்டுக்கான மணலைத் தோண்டுகிறோம் என்று சொல்லிக் கொல்லங்கோட்டு மக்களிடம் நிலம் கேட்க முடியாது. காற்றாலைக்கென்று கேட்கலாம். 2.6 சதவீதத்தின் பெயரைச் சொல்லி 97.4 சதவீதத்துக்கு ஒப்புதல் வாங்குவதைத்தான் நான் பசுமைப் பூச்சு என்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடை போட வேண்டும். அந்த 420 டன் அற்பமானதல்ல. பல்லிணை இல்லாமல் நேரடியாகச் சுழலும் பெரிய கடல் காற்றாலைகளுக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 600 கிலோ காந்தம் தேவை. காந்தத்தின் எடையில் 30 சதவீதம் அருமண். சேதாரம் போக மிஞ்சுவதைக் கொண்டுகூட ஆண்டுக்குப் பல நூறு மெகாவாட் கடல் காற்றாலைகளுக்குக் காந்தம் செய்யலாம். எடையில் சிறிது, பயனில் பெரிது. இதை மறைத்துவிட்டு எதிர்ப்பை வளர்ப்பதும் நேர்மையாகாது.

ஆனால் அந்தக் காற்றாலைகள் எங்கே? ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும் காற்றாலைகள் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று. குமரி மாவட்டத்தில் ‘பசுமை எரிசக்தி’ என்றால் எவர் மனத்திலும் வரும் படம் அதுதான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் நிரந்தரக் காந்தமே கிடையாது. பல்லிணையோடு கூடிய தூண்டல் மின்னாக்கிகள் அவை. செம்புச் சுருளில் மின்சாரம் பாய்ச்சித் தேவையான காந்தப்புலத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பல்லிணை இல்லாத வகையிலும் மின்காந்தத்தால் இயங்குபவை இருக்கின்றன. நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அருமண் காந்தம் ஒரு வசதி. கட்டாயமில்லை. எடையைக் குறைக்க வேண்டிய இடங்களில்தான், அதாவது நடுக்கடலில் நிற்கும் ராட்சதக் காற்றாலையிலும் காரின் மோட்டாரிலும், அதன் மதிப்பு உயர்கிறது.

அடுத்தது நாட்டின் தேவை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகை அருமண்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இந்தியக் கார்த் தொழில் திணறியது. குமரி மணலைத் தோண்டும் அவசரம் அதன் பிறகு இன்னும் கூடியது. ஆனால் அந்த ஏழில் நியோடிமியம் இல்லை. காந்தம் சூட்டிலும் வலுவிழக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் டிஸ்புரோசியமும் டெர்பியமும் அந்தப் பட்டியலில் முக்கியமானவை. நம் கடற்கரை மோனசைட்டில் அவை மிக மிகக் குறைவு. தட்டுப்பாடு ஒரு பொருளுக்கு, தோண்டக் கேட்பது இன்னொரு பொருளுக்கு.

கச்சாப்பொருள் பஞ்சமும் இல்லை. அணுக் கனிம இயக்ககத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் 1.3 கோடி டன் மோனசைட் இருக்கிறது. அதில் 72 லட்சம் டன்னுக்கு மேல் அருமண் ஆக்சைடு. ஆண்டு உற்பத்தியோ சுமார் 2,900 டன். பூமிக்கடியில் இருப்பது போதாமல் நாம் தடுமாறவில்லை. பிரித்தெடுத்த ஆக்சைடை உலோகமாக்கிக் காந்தமாக்கும் ஆலைகள் போதிய அளவில் இல்லாமல்தான் தடுமாறினோம். 2012இல் போட்ட ஒப்பந்தப்படி ஐ.ஆர்.இ.எல் நம் நியோடிமியத்தை ஜப்பானுக்கு அனுப்பிவந்தது. அதை நிறுத்தும்படி 2025 ஜூனில் அரசு கேட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2025 நவம்பரில். ஆலை கட்டும் முன்பே கரையைக் கேட்கிறார்கள். பழைய காந்தங்களிலிருந்து அருமண்ணை மீட்டெடுக்கும் தொழிலும் இருக்கிறது. உலகெங்கும் 1 சதவீதம்கூட இன்னும் மீட்கப்படுவதில்லை. அதற்குக் கடற்கரை தேவையில்லை, குப்பையைத் தரம்பிரிக்கும் ஏற்பாடு போதும்.

இப்போது, சொல்லப்படாத செலவுக்கு வருவோம். குமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறக்குறைய 72 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்ந்த மாவட்டம் இது. கடற்கரை ஊர்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஆள் நடக்கத்தான் இடமிருக்கும். 1,144 ஹெக்டேர் என்பது பதினொன்றரைச் சதுர கிலோமீட்டர். இந்த மக்கள்தொகையில் அது சிறிய நிலமல்ல.

தோண்டிய குழியைக் கனிமம் பிரித்த மணலால் மூடிவிடுவோம் என்கிறது சுரங்கத் தொழில். குழி மூடப்படும், சரி. ஆனால் மூடும் மணல் பழைய மணல் அல்ல. கனமான துகள்கள் போய்விட்ட மணல் இலேசானது. எந்த இயற்பியல் விதி கருமணலைக் கரையில் நிறுத்தியதோ அதே விதி இந்த வெள்ளை மணலை அலையோடு அனுப்பிவைக்கும். கனத்த துகள்களின் படிவம் கரைக்கு ஒரு கவசம். ஏற்கெனவே கடலரிப்பால் தூண்டில் வளைவு கேட்டு ஒவ்வோர் ஊரும் மனுக்கொடுத்துக்கொண்டிருக்கும் கடற்கரை இது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் சுனாமி என்ன செய்தது என்று இங்கு யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மணல்மேட்டின் உயரத்தில் ஒவ்வோர் அடியும் அலையின் வேகத்தைத் தின்னும்.

மணல்மேட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கடலின் உப்புநீர் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் இலேசு, உப்புநீர் கனம். டச்சு நாட்டு கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கண்டறிந்த விதி இது: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். தலைகீழாகவும் அது உண்மை. மேலே 1 மீட்டர் இறங்கினால் அடியில் உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிணற்றில் குடிநீர் கிடைப்பது இந்த ஏற்பாட்டால். அதைக் குலைத்தால் மணலைத் திருப்பிப் போட்டாலும் நீர் உடனே திரும்பாது.

கதிர்வீச்சைப் பற்றி இரு தரப்பிலும் தவறாகப் பேசப்படுகிறது. நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் இருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. மணலை அகற்றினால் ஊரில் இயற்கைக் கதிர்வீச்சு குறையும், மக்களுக்கு நல்லது என்பது சுரங்க ஆதரவாளர்களின் வாதம். மோனசைட் போனால் அந்த இடத்தில் காமாக் கதிர் குறையும் என்பது சரி. ஆனால் அதே ஆதரவாளர்கள், இயற்கைக் கதிர்வீச்சால் கேடில்லை என்பதற்குக் கேரளத்தின் கருநாகப்பள்ளி ஆய்வைக் காட்டுகிறார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வு ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தது. மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அந்த முடிவை ஏற்றால், கதிர்வீச்சை அகற்றுவது மக்களுக்குச் செய்யும் ஆரோக்கிய சேவை என்று சொல்ல முடியாது. இரண்டு வாதங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நம் தரப்பிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணலால்தான் இத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று மேடைகளில் சொல்லப்படும் எண்ணிக்கைகளை அந்த ஆய்வு ஆதரிக்கவில்லை. வேறு வகையான பாதிப்புக்கு ஒரு தடயம் உண்டு: 2002இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான ஆய்வு, கேரளக் கருமணல் பகுதிக் குடும்பங்களில் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபுப்பொருளில் மாற்றங்கள் கூடுதலாக இருந்ததைக் கண்டது. அது நோய் அல்ல, நோய்க்கான ஆதாரமும் அல்ல. கவனிக்க வேண்டிய செய்தி. மணலில் உறங்கும் மோனசைட்டும், தோண்டிச் சலித்துக் காயவைத்துக் குவித்த மோனசைட்டும் ஒன்றல்ல. தூசியாக நுரையீரலுக்குள் போவது வெளியிலிருந்து படும் கதிரை விட வேறு கணக்கு. மணவாளக்குறிச்சியைச் சுற்றிய ஊர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் கருநாகப்பள்ளியில் நடந்த அளவுக்கு ஒரு நீண்டகால ஆய்வு வேண்டும். புதிய சுரங்கத்துக்கு முன்னால் வேண்டும்.

இப்படிக் கணக்கின் எல்லையைத் தமக்கு வசதியான இடத்தில் வரைந்துகொள்வது உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து கற்ற பாடம். பிரிட்டிஷ் பெட்ரோலியம் 2000இல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சூரியகாந்திச் சின்னத்தை அணிந்துகொண்டு, பெட்ரோலியத்துக்கு அப்பால் போகிறோம் என்று அறிவித்தது. பத்தாண்டு கழித்து, 2010 ஏப்ரலில், மெக்சிகோ வளைகுடாவில் அதன் கிணறு வெடித்துப் பதினொரு தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. ஒவ்வொருவரும் தம் ‘கார்பன் தடத்தை’ அளந்து பார்க்கலாம் என்ற விளம்பரத்தை 2000களின் நடுவில் உலகெங்கும் பரப்பியதும் அதே நிறுவனம். எண்ணெய் நிறுவனத்தின் மொத்த உமிழ்வில் 80 முதல் 90 சதவீதம் அது விற்ற எண்ணெயை நாம் எரிக்கும்போதுதான் வருகிறது. அதைத் தன் கணக்கிலிருந்து எடுத்து நம் அடுப்படிக் கணக்கில் எழுதிவிட்டால், கிணற்றடியில் சில சூரியத் தகடுகளை வைத்துவிட்டுப் பசுமையாகிவிட்டோம் என்று சொல்லலாம். எக்ஸான் நிறுவனத்தின் கதை இன்னும் கனமானது. பூமி பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி சூடாகும் என்று அதன் விஞ்ஞானிகள் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய சரியாகவே கணித்திருந்தார்கள் என்பதை 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. வெளியே நிறுவனம் பேசியது சந்தேகத்தை.

இயற்கை எரிவாயு ‘தூய எரிபொருள்’ என்பது இதே பள்ளியின் பாடம். மின்நிலையப் புகைபோக்கியில் அளந்தால் நிலக்கரியைவிட ஏறக்குறைய பாதி கரியமில வாயுதான் வருகிறது. எரியாமல் கசியும் வாயுவையும் சேர்த்தால் படம் மாறுகிறது. எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். இருபதாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் தொழிலை நேரில் அளந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிகிறது என்றது. அரசு சொன்னதைவிட அது 60 சதவீதம் அதிகம். கசிவு 3 சதவீதத்தை நெருங்கினால் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாறியதன் பலன் முதல் சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய கரைந்துவிடும்.

எரிவாயுக் கணக்கு குமரிக்கு ஏன் என்றால், கடலும் ஏலத்துக்கு வந்திருக்கிறது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட ஒன்றிய அரசு குறித்த மூன்று பகுதிகள் சேர்ந்து ஏறக்குறைய 27,000 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தைப் போல் 16 மடங்கு. 2025 தொடக்கத்திலிருந்தே கடற்கரை ஊர்கள் இதை எதிர்த்துவருகின்றன. காரணம் வாட்ஜ் பேங்க். குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருக்கும் இந்தக் கடலடி மேடு இந்தியப் பெருங்கடலின் செழிப்பான மீன்பிடித் தளங்களில் ஒன்று. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தத்தில் இது இந்தியாவுக்கு என்று உறுதியானது. ஒப்பந்தத்தையொட்டிப் பரிமாறிய கடிதத்தைப் படித்தால் ஒன்று தெரியும்: இலங்கைப் படகுகள் மூன்றாண்டு மீன்பிடிக்கலாம், ஆனால் இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவுசெய்தால், தேடும் பகுதிகளில் அவை மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும். மீனும் பெட்ரோலியமும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது என்பது ஐம்பதாண்டுக்கு முன்பே இரு அரசுகளுக்கும் தெரிந்திருக்கிறது.

துளையிடுவதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடும். கடலடிப் பாறையை ஆராயக் கப்பலிலிருந்து காற்றுத் துப்பாக்கிகளால் சில நொடிக்கு ஒருமுறை வெடிச்சத்தம் எழுப்புவார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியக் கடலில் நடந்து 2017இல் வெளியான சோதனையில், அந்தச் சத்தம் 1.2 கிலோமீட்டர் தூரம்வரை மிதவை நுண்ணுயிர்களை இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு கொன்றது. மீன்குஞ்சின் முதல் உணவு அந்த மிதவை உயிர்கள்தான்.

இந்த மக்களைப் பார்த்துத்தான், காலநிலை நெருக்கடி புரியாதவர்கள் என்று சொல்லப்படுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வேகமெடுத்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை ஆழ்கடல் மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை, பலரின் உடலும் கிடைக்கவில்லை. அரபிக்கடல் சூடாகிக்கொண்டிருப்பதும், அங்கே கடும் புயல்கள் கூடிவருவதும் ஆய்விதழ்களில் இருக்கும் செய்தி. அந்தச் செய்திக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். நிலக்கரியும் எண்ணெயும் நிற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை இவர்களைவிட யாருக்கு அதிகம்?

இங்கே எதிர்ப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. 1989இல் தேசிய மீனவர் பேரவை நடத்திய பயணம் கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் புறப்பட்டு மே 1 அன்று கன்னியாகுமரியில் சேர்ந்தது. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது அதன் முழக்கம். ஆலைக் கழிவும், விசைப்படகுகளின் அடியோடு வாரும் மீன்பிடிப்பும், அப்போது ஒப்பந்தமாகியிருந்த கூடங்குளம் அணுமின் நிலையமும் ஒன்றாகவே பேசப்பட்டன. ஊர்வலம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இனயத்தில் சரக்குப் பெட்டக முனையம் வரவிருந்தபோதும் இதே ஊர்கள் எழுந்தன. 2024இல், கிள்ளியூர்ச் சுரங்கத்துக்காக அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது.

அதன்பின் நடந்ததுதான் மிகக் கவலைக்குரியது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. தேசப் பாதுகாப்பும் எரிசக்தி மாற்றத்துக்கான தேவையும் காரணங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் இதைத் திரும்பப் பெறும்படி பிரதமருக்கு எழுதினார். இந்த அத்தியாயத்தில் போட்ட கணக்குகளை ஓர் ஊர் எழுந்து நின்று அதிகாரியிடம் கேட்கவும், பதில் பதிவாகவும் சட்டத்தில் இருந்த இடம் அந்தக் கூட்டம்தான். 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை தந்த அந்த இடத்தைப் பசுமையின் பெயரைச் சொல்லியே மூடியிருக்கிறார்கள்.

ஒரு சோப்பு விளம்பரத்துக்கு இருக்கும் கட்டுப்பாடு இதற்கு இல்லை. 2024 அக்டோபர் 15 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘தூய’, ‘பசுமையான’ போன்ற சொற்களைச் சான்றில்லாமல் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சிறப்பு பொருள் முழுவதற்குமா, ஒரு பகுதிக்கு மட்டுமா என்று சொல்ல வேண்டும். அவை விளம்பரங்களுக்கானவை. சுரங்கத்துக்கும் அந்த அளவுகோல் பொருந்தினால், 1,000 கிலோவுக்கு 3.6 கிலோ என்று அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டியிருக்கும்.

கடலோர ஊராட்சிகளின் கிராம சபைகள் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வொரு கனிமமும் ஆண்டுக்கு எத்தனை டன், யாருக்கு விற்கப்படும், நியோடிமியம் எந்த ஆலையில் காந்தமாகும், பிரித்த தோரியம் எங்கே வைக்கப்படும், தோண்டும் முன்பும் பின்பும் கிணறுகளில் உப்பின் அளவு என்ன, ஊர்களின் உடல்நல ஆய்வை யார், எத்தனை ஆண்டு நடத்துவார்கள். எழுத்தில் பதில் வரும்வரை தீர்மானம் போட்டு மறுக்கலாம். செப்டம்பர் 8 குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும். கடற்கரையை இழக்கப்போகிறவர்கள் பேசி முடிக்காமல் கிள்ளியூரில் ஒரு கூடை மணலும் எடுக்கக் கூடாது.